பாரசீகப் பட்டுக் கம்பளங்கள்

பட்டு நூலை முடிச்சிட்டு நெய்த பழங்காலக் கம்பளங்களில் மிகவும் போற்றப்படுபவை, சஃபவி அரசர்கள் காலத்துப் பாரசீகத்தில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் உருவானவை. வீட்டுத் தரையில் விரித்துப் புழங்க இவை நெய்யப்படவில்லை. அரசவையை அலங்கரிக்கவும், தூதர்கள் மூலம் அயல்நாட்டு மன்னர்களுக்கு அனுப்பவும், புனிதத் தலங்களுக்குக் காணிக்கையாக்கவும் நெய்யப்பட்டன. அதனால்தான் பல கம்பளங்கள் இன்று ஈரானுக்கு வெகுதூரத்தில், ஐரோப்பிய அரண்மனைகளிலும் தேவாலயக் கருவூலங்களிலும் இருக்கின்றன.

நெசவும் பளபளப்பும்

தறியில் பாவை இழுத்துக் கட்டி, அதன் இழைகளைச் சுற்றி வண்ண நூலை முடிந்து வெட்டுவார்கள். ஒரு வரிசை முடிச்சு நிறைந்ததும் ஊடையைச் செலுத்தி அடித்து இறுக்குவார்கள். பட்டு கம்பளி நூலைவிட மெல்லியது, இழுத்தாலும் எளிதில் அறாது. அதனால் அதே பரப்பில் கூடுதல் முடிச்சுகள் விழும். கொடியின் நெளிவும் மான் கொம்பின் கிளையும் துல்லியமாக அமையும்.

வெட்டிய இழைநுனிகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். ஆகவே ஒரு முனையிலிருந்து பார்க்கும்போது ஆழ்ந்து தெரியும் நிறம், எதிர்முனைக்குப் போனால் வெளிறி மின்னும். நடப்பவரோடு நிறமும் மாறும் இந்த அழகு கம்பளியில் இவ்வளவு கிடைக்காது.

காஷானும் இஸ்பஹானும்

16-ஆம் நூற்றாண்டில் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர் காஷான். வியன்னாவின் பயன்கலை அருங்காட்சியகத்தில் உள்ள வேட்டைக் கம்பளம் அங்கு நெய்யப்பட்டதாகவே கருதப்படுகிறது. ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள அந்தப் பட்டுப் பரப்பில் குதிரை வீரர்கள் விலங்குகளைத் துரத்துகிறார்கள்.

முதலாம் ஷா அப்பாஸ் (ஆட்சி 1588–1629) தலைநகரை இஸ்பஹானுக்கு மாற்றி, அங்கே அரண்மனைப் பட்டறைகளை வளர்த்தார். காஸ்பியன் கடலோரக் கீலானில் விளைந்த பட்டு அவருடைய அரசுக்குப் பெரும் வருவாய். அந்த வணிகத்தை அவர் தன் பிடிக்குள் கொண்டுவந்தார். அதை நடத்தியவர்களில் ஆர்மீனிய வணிகர்கள் முதன்மையானவர்கள். பாரசீகத்தின் செல்வத்தை வெளிநாட்டுக்குக் காட்டும் பரிசாகப் பட்டுக் கம்பளம் ஆனது இந்தச் சூழலில்தான்.

இக்காலக் கம்பளங்களின் தனி அடையாளம் சரிகை. காஞ்சிப் பட்டுச் சரிகையைப் போலவே, வெள்ளித் தகட்டிழையைப் பட்டு நூலில் சுற்றி, சிலவற்றுக்குப் பொன்முலாம் பூசி, கம்பளத்தின் தரையில் தட்டையாக நெய்தார்கள். அதற்கு மேல் பட்டு முடிச்சுகள் புடைத்து நின்றன.

ஐரோப்பாவுக்குப் போன கம்பளங்கள்

1601-இல் போலந்து மன்னர் மூன்றாம் சிகிஸ்முண்ட், செஃபெர் முராட்டோவிச் என்ற ஆர்மீனிய வணிகரைக் காஷானுக்கு அனுப்பிக் கம்பளங்கள் நெய்யச் சொன்னார். மன்னரின் குலச்சின்னம் பொறித்த முடிச்சில்லாத பட்டு விரிப்புகளும் அவற்றில் இருந்தன. அவர் மகள் 1642-இல் ஜெர்மனியில் மணமுடித்தபோது உடன் சென்றவை மியூனிக் அரண்மனையில் இருக்கின்றன. வெனிஸ் நகரின் ஆட்சித் தலைவருக்கு 1603-இலும் 1622-இலும் ஷா அப்பாஸின் தூதர்கள் கம்பளங்களைப் பரிசளித்தார்கள். புனித மாற்கு தேவாலயக் கருவூலம் இன்றும் அவ்வகைக் கம்பளங்களைக் காத்துவருகிறது.

1878-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் போலந்து இளவரசர் ஒருவர் காட்சிக்கு வைத்த சரிகைக் கம்பளங்களைப் பார்த்தவர்கள், அவை போலந்திலேயே நெய்தவை என்று நினைத்துவிட்டார்கள். 'போலோனைஸ்' என்று அன்று விழுந்த பெயரே இன்றும் புழங்குகிறது. இவ்வகையில் 200-க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன.

சரிவும் மறுமலர்ச்சியும்

1722-இல் ஆப்கானியர் இஸ்பஹானைக் கைப்பற்றியதும் அரண்மனை ஆதரவு முறிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலை நாட்டு வணிகர்களின் தேவையால் தப்ரீஸ், ஹெரிஸ், காஷான் ஆகிய இடங்களில் பட்டுத் தறிகள் மீண்டும் ஓடின. துருக்கியில் ஹெரெகே அரசுத் தொழிற்சாலை 1891 முதல் கம்பளம் நெய்தது. இஸ்தான்புல்லின் கும்காபி பகுதியில் ஆர்மீனியக் கலைஞர்கள் சஃபவி வடிவங்களுக்கே மறுவாழ்வு தந்தார்கள்.

மதிப்பும் பராமரிப்பும்

இஸ்பஹானில் 1600-ஐ ஒட்டி நெய்யப்பட்ட ஒரு சிறிய பட்டுக் கம்பளம், 2008-இல் நியூயார்க் ஏலத்தில் 44 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. வயது, முடிச்சின் நெருக்கம், இயற்கைச் சாயம், பழுதின்மை, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வரலாறு ஆகியவை விலையைத் தீர்மானிக்கின்றன.

பட்டுக்கு முதல் எதிரி வெளிச்சம். போலோனைஸ் கம்பளங்களில் இன்று காணும் மென்னிறங்கள் நெய்தவர் நினைத்தவை அல்ல. முன்பக்கம் வெளுத்து, முடிச்சின் அடியில் மட்டுமே பழைய அடர்நிறம் ஒளிந்திருக்கிறது. வெள்ளிச் சரிகையும் கறுத்துவிட்டது. பளபளப்பேற்றிய பருத்தியையும் செயற்கை இழையையும் பட்டு என்று விற்பவர்கள் உண்டு என்பதால், வாங்குபவர் முதலில் கம்பளத்தைத் திருப்பி முடிச்சையும் சாயத்தையும் பார்க்க வேண்டும். வாங்கியபின் வெயில் படாத இடத்தில் வைத்து, மடிக்காமல் சுருட்டிப் பாதுகாக்க வேண்டும்.