பெற்றவளும் வளர்த்தவளும்: எலிக்கூண்டில் ஓர் ஒப்பாய்வு

ஈப்போவைச் சுற்றிய தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின், எலி பெரும்பகையாகிவிட்டது. பழத்தைக் கடித்துத் தின்கிறது என்று, கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தைகளைக் குடியேற்றுகிறார்கள். அந்த எலியின் உறவான ஆய்வுக்கூட எலியோ, தோட்டத்து மக்கள் நெடுங்காலம் கண்ட ஒன்றை விளக்கிக்கொண்டிருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போன தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுத்தான் பால்வெட்டுக்குப் போவாள். அங்கே ஏணையை ஆட்டியவள் அந்தக் குழந்தையைப் பெற்றவள் அல்ல. ஆனாலும் தாய்மை அவளிடமும் இருந்தது.

எலியிலும் இந்த இருவர் உண்டு.

ஈன்ற எலிக்கு வழி சுலபம். மூன்று வாரச் சினைக்காலத்தின் முடிவில் ஹார்மோன்கள் மாறுகின்றன: புரோஜெஸ்டரோன் சரிகிறது, ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, புரோலாக்டின் கூடுகிறது. பிரசவத்தின்போது மூளைக்குள் ஆக்சிடோசின் சுரக்கிறது. குட்டி விழுந்ததுமே நக்குகிறாள், கவ்விக் கூட்டுக்குள் சேர்க்கிறாள், பால் கொடுக்கிறாள். ஈனாத பெண் எலியோ குட்டியின் வாடைக்கே மிரண்டு ஒதுங்குகிறது. அதன் மோப்பத்தைக் கெடுத்தால் குட்டியை விரைவில் ஏற்கிறது என்றால், தடை அச்சம்தான்.

ஆனால் அந்த அச்சம் பழகினால் தேய்கிறது. அமெரிக்காவின் ஜே ரோசன்பிளாட் 1967இல் இதைக் காட்டினார். ஈனாத எலியோடு நாள்தோறும் புதுக்குட்டிகளை விட்டுவைத்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதுவும் நக்குகிறது, கூடு கட்டுகிறது. பால் இல்லாமலே பாலூட்டும் பாவனையில் குனிந்து நிற்கிறது. ஆண் எலியும் அப்படியே. பிரசவகாலச் சுரப்புகள் இல்லாமலே அன்பு வரும் என்றாகிறது.

ஆனால் இரசாயனம் வேகத்தைக் கூட்டுகிறது. 1972இல் டெர்கெலும் ரோசன்பிளாட்டும் அப்போதுதான் ஈன்ற தாயின் ரத்தத்தை ஈனாத எலிக்கு ஏற்றினார்கள். அது ஒரு நாளுக்குள் தாயாகிவிட்டது. 1979இல் பெடர்சனும் பிரேஞ்சும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்த எலியின் மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்தி அதே மாற்றத்தைக் கண்டார்கள். ஆனாலும் ஆக்சிடோசினை ‘அன்பு ஹார்மோன்’ என்று விளம்பரப்படுத்துவது மிகை. வேறு ஆய்வுக்கூடங்களில் இந்தச் சோதனை சில சமயம் பலிக்கவில்லை.

இரு வழிகளும் ஓரிடத்தில் சேர்கின்றன. ஹைபோதலாமஸை ஒட்டி முன்னே இருக்கும் மீடியல் பிரீஆப்டிக் பகுதியைச் சிதைத்தால் ஈன்றவளும் பழகியவளும் குட்டியைக் கைவிடுகிறார்கள். வேறுபாடு ஒன்று மட்டும் நிற்கிறது: துணிவு. பழக்கமில்லாத தடத்தில் குட்டியை வைத்தால் ஈன்றவள் போய்த் தூக்கிவருகிறாள்; பழகியவள் தயங்குகிறாள். அதே நேரம் ஈன்றவளுக்கும் பழக்கம் தேவைதான்: பிறந்தவுடன் குட்டிகளைப் பிரித்து நாட்கள் கடந்தால் அவள் ஆர்வம் வடிகிறது, முதல் சில மணி நேரம் உடனிருந்தால் நிலைக்கிறது.

இதை அப்படியே ஆயாவின் மேல் ஏற்ற முடியாது. கைக்குழந்தையின் வாடைக்கு மிரண்டு ஓடும் பெண்ணை யாரும் கண்டதில்லை. ஆயாவுக்கு அருகில் வருவது, பார்த்துக் கற்கும் சுண்டெலி. 2021இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தார், ஈனாத பெண் சுண்டெலியைத் தாயோடும் குட்டிகளோடும் ஒரே கூண்டில் விட்டார்கள். தாய் அதைக் கூட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. தாய் குட்டியைத் தூக்குவதைத் ஒளி ஊடுருவும் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்தபோதே, ஈனாத சுண்டெலியின் ஆக்சிடோசின் செல்கள் கிளர்ந்தன. பிறகு அதுவும் குட்டியைத் தூக்கத் தொடங்கியது.