நன்னீர் மீன்குஞ்சு பொரிப்பகங்களில் வைரசு நோய்கள்: கண்டிப் பிரதேசம்

பொரிப்பகத்தில் வைரசு புகுந்தால் சேதம் அந்தத் தொட்டியோடு நிற்காது. ஒரே தாய்மீன் கூட்டத்தின் குஞ்சுகள் பல குளங்களுக்குப் போகின்றன. கண்டிக்கு வடக்கே தம்புள்ளையில் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை (நெக்டா) நடத்தும் நிலையம் உணவு மீன்குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது. கண்டியைச் சுற்றிலும் வீட்டுச் சீமெந்துத் தொட்டிகளில் கோயி எனும் அலங்காரக் கெண்டை, தங்கமீன் வளர்ப்போர் உள்ளனர்.

கோயி ஹேர்பிஸ் வைரசு 1998இல் இஸ்ரேலில் பெருஞ்சாவை உண்டாக்கியபோது வெளிச்சத்துக்கு வந்தது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 18 முதல் 28 பாகை செல்சியசுக்குள் இருக்கும்போதே அது தாக்கும். கடலோரச் சமவெளியின் வெந்நீரில் அடங்கிக் கிடக்கும் தொற்று, சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியின் குளிர்ந்த நீரில் வெளிப்பட வாய்ப்பு அதிகம். நோயுற்ற மீன் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சுவாங்கும், கண் குழிவிழும். செவுள்மூடியைத் தூக்கிப் பார்த்தால் சிவந்த இழைகளுக்கிடையே வெண்திட்டுகள் அழுகிக் கிடக்கும். கூட்டத்தில் முக்கால்பங்குக்கு மேலும் மடியலாம். பிழைத்தவையே பெரிய ஆபத்து: பார்வைக்கு நலமாக இருந்துகொண்டே வைரசைச் சுமக்கும்.

உணவு மீனான திலாப்பியாவைத் தாக்கும் திலாப்பியா ஏரி வைரசு 2014இல் இனங்காணப்பட்டது. தாய்மீனின் சினையிலும் விந்திலும் அது காணப்பட்டுள்ளது. ஆகவே முட்டையை வெளியே அயடினால் கழுவுவது மட்டும் போதாது. பிறவி நோயெதிர்ப்பையே பெரிதும் நம்பியிருக்கும் இளங்குஞ்சுகளே முதலில் சாகின்றன. உப்புப் போடுவதும் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதும் வைரசை ஒன்றும் செய்யாது. பணமும் நாளும்தான் வீண்.

நீரோட்டமும் கவனிக்கத்தக்கது. கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் மறிக்கப்படும் மகாவலி நீர் சுரங்கவழியாக உக்குவளைக்கும், போவத்தென்ன நீர்த்தேக்கம் வழியாக வடக்கேயுள்ள குளங்களுக்கும் செல்கிறது. செத்த மீனை ஓடையில் வீசும் பழக்கம் இங்கே மிகக் கெடுதி. சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். தொட்டி நீரைக் குளோரின் இட்ட பிறகே வெளியேற்ற வேண்டும். தொட்டிக்குத் தொட்டி தனி வலை வைத்திருப்பது செலவு குறைந்த காப்பு.

பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தில் மீன்நோய் கண்டறியும் ஆய்வகம் இருப்பது இப்பகுதிக்குக் கிடைத்த பெரும் வசதி. ஆனால் உறங்குநிலைத் தொற்றை, வைரசின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையும் தவறவிடக்கூடும். எனவே புதிய கோயித் தாய்மீன்களைத் தொற்றில்லாத சில மீன்களுடன் குறைந்தது 30 நாள் தனித்தொட்டியில் விட்டு, அவற்றுக்கு நோய் தொற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் வைரசு வெளிப்படும் வெப்பத்தை எட்ட நீரைச் சூடாக்க வேண்டும். கண்டியில் இயல்பான வெப்பமே போதும்.