பிடிக்கிறவனுக்கும் ஒரு பேர்

இலங்கை மலையகத்து மடுல்சீமையில் சமதரை கிடைப்பது அரிது. பட்டாவத்தைத் தோட்டமானாலும் ரோபேரித் தோட்டமானாலும் மலை முழுக்கத் தேயிலை. தட்டையாக மிஞ்சியது பெரட்டுக் களம்தான். விடிந்ததும் கங்காணி பேர் கூப்பிடுகிற அதே களத்தில் பொங்கலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவோம், சடுகுடுவுக்கு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த ஆட்டம் அது. தொரைமாரின் ரக்பிக்குப் புல்தரை வேண்டும். இதற்கு மண் போதும்.

பாடிப் போகிறவனுக்குத்தான் லயத்து வீடுகளில் பேர். அவன் மூச்சைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். மூலையில் நின்று அவன் காலைப் பிடித்தவனுக்கு முழங்கால் சிராய்ப்பும் அதில் அப்பிய மஞ்சளும் மட்டும். என் பெரியப்பா அப்படியொரு மூலைக்காரர். வருகிறவனின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கண் இடுப்பிலும் பாதத்திலும்தான் இருக்கும். "காலு மண்ணுல பதியட்டும்டா, அப்புறம் புடி" என்பார். உடம்புப் பாரம் முழுக்க ஒரு காலில் இறங்கி, அவன் நடுக்கோட்டுப் பக்கம் திரும்புகிற அந்த ஒரு நொடிதான் கணக்கு. முந்தினால் தொட்டுவிட்டுப் போவான், பிந்தினால் கோட்டைத் தாண்டிவிடுவான். கணுக்காலை இரண்டு கையாலும் பூட்டி, தலையை வெளியே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உதை பல்லில்.

இந்த வித்தைக்குக் காசு வரக் காலம் பிடித்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக் வேளையில் அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அங்கே போய்க் கபடியை, அதாவது எங்கள் சடுகுடுவை, ஆடிக் காட்டியது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியானது. ஆனால் 2014இல் புரோ கபடி லீக் வரும்வரை இந்தியாவில் ஆட்டக்காரனின் பிழைப்பு ரயில்வே மாதிரி நிறுவனங்களில்தான். ஆட்டத்துக்காக வேலை கொடுத்தார்கள், சம்பளம் வேலைக்கு.

லீக் தொடங்கியபோது பிடிகாரர் தர்மராஜ் சேரலாதனுக்கு 39 வயது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், எங்கள் பாட்டன்மார் கப்பலேறப் புறப்பட்ட அதே காவிரிச் சீமை. மற்ற விளையாட்டுகளில் பயிற்சியாளராகிவிடும் வயதில் ரைட் கார்னரில், அதாவது வலது மூலையில், நின்றார். 2016இல் பட்னா பைரேட்ஸ் தலைவராக, ஹைதராபாத் இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானைத் தோற்கடித்து உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019இல் 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குத் தலைவர். பாதி வயதுப் பையன்களெல்லாம் அவரை 'அண்ணா' என்றார்கள்.

பாடுகிறவனுக்கு வேகம் குறைந்தால் கதை முடிந்தது. பிடிக்கிறவனுக்குக் கண்தான் முதல், அது வயதோடு கூர்மையாகும். புதிய விதிகளும் அவன் பக்கம் சாய்ந்திருக்கின்றன: பாடுகிறவனுக்கு 30 விநாடிதான், களத்தில் மூன்று பேரோ குறைவாகவோ நின்று பிடித்தால் 'சூப்பர் டாக்கிள்', இரண்டு புள்ளி. பெரியப்பா காலத்தில் இதெல்லாம் இல்லை. தனியாளாக நின்று பிடித்தாலும் கைதட்டு எதிரணிக்காரனின் மூச்சுக்குத்தான்.

தோட்டங்களில் பொங்கல் விளையாட்டு விழா நடத்தும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. சிறந்த பாடகாரனுக்குக் கேடயம் கொடுக்கிறீர்கள், சரி. அடுத்த தையில் சிறந்த பிடிகாரனுக்கும் ஒன்று செய்து வையுங்கள். செலவு கூடுதலானால் என்னிடம் வாருங்கள், பாதியை நான் தருகிறேன்.