கணினிப் படிப்பின் முதல் பாடம்: சார்பு நிரலாக்கம்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் பாடம் சிஎஸ்1101எஸ். அதன் முற்பகுதி ‘ஃபங்ஷனல் புரோகிராமிங்’ எனப்படும் சார்பு நிரலாக்கம்.

பள்ளிக் கணிதத்தில் வரும் சார்புதான் இதற்கு அடிப்படை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. ஒருமுறை கொடுத்த மதிப்பு இடையில் மாறாது. 1 முதல் 5 வரையிலான எண்களைப் பெருக்க வேண்டுமா? 1 முதல் 4 வரை பெருக்கி வந்த விடையை 5ஆல் பெருக்கினால் போதும். 4க்கும் இதே வழி. 1 வந்ததும் நின்றுவிடும். இப்படிச் சார்பு தன்னையே அழைப்பது ‘ரிகர்ஷன்’.

எம்.ஐ.டி. பேராசிரியர்கள் ஏபல்சன், சஸ்மன் எழுதி 1985இல் வெளிவந்த நூலே இப்பாடத்தின் வேர். அதன் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பு 2022இல் வெளியானது. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

நிரல் எழுதிய அனுபவம் இல்லாத பிள்ளைகள் அஞ்ச வேண்டாம். வேறு முறையில் பழகியவர்களும் இங்கே புதிதாகத்தான் சிந்திக்கத் தொடங்குகிறார்கள்.