சர்ப்பகந்தா

சர்ப்பம் என்றால் பாம்பு; கந்தம் என்றால் மணம். வடமொழிப் பெயர். பாம்புக்கடிக்கும் மனக்கலக்கத்துக்கும் இந்தச் செடியின் வேரை நம் வைத்தியர்கள் நெடுங்காலம் கொடுத்துவந்தார்கள். பீகார்ப் பக்கம் இதைப் பைத்திய மருந்து என்றே அழைத்தார்கள்.

பாம்பு தாவரவியல் பெயரிலும் உண்டு: ராவுல்ஃபியா செர்பென்டினா. முன்பாதி, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ராவுல்ஃபின் நினைவாக இடப்பட்டது. மேற்காசியாவில் மூலிகை தேடி அலைந்த அவர் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. பெயர் சூட்டுவதில் இப்படியும் ஒரு நியாயம்!

இந்த வேர் உயர் ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று 1931இல் எழுதியவர்கள் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ். அங்குள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ராவும் இதை ஆராய்ந்தார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகே மேலைநாடுகள் கவனித்தன. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் இந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் என்ற மருந்தின் பெயரிலும் செர்பென்டினா ஒளிந்திருக்கிறது. நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் நார்அட்ரினலினை அது வற்றச்செய்ய, ரத்தக்குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் இறங்குகிறது.

மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ரெசர்பின் ஆகாது. ஆகவே நாட்டுமருந்துக் கடையில் வேரை வாங்கி நீங்களே கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள்.