ஏழையின் வேட்டைநாய்

வேட்டைநாய் என்றதும் நம் குடும்பப் பெரியோர்க்கு இராசபாளையமும் சிப்பிப்பாறையும் நினைவுக்கு வரும். இக்குடியிருப்பில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளோ, கண்காட்சியில் பதக்கம் பெறும் அயல்நாட்டு நாய்களையே மிகுதியும் அறிவர். அத்தகைய கண்காட்சிகளில் தனி இனமாக ஏற்கப்படாத நாய் ஒன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உண்டு. வம்சாவளிப் பத்திரம் அதற்கு இல்லை. ஆயினும் அந்நாட்டு ஏழை மக்களின் வரலாறு முழுவதும் அதன் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. அதன் பெயர் லர்ச்சர்.

லர்ச்சர் என்பது ஓர் இனத்தின் பெயரன்று. ஒரு கலப்பின் பெயர். கிரேஹவுண்டு போன்ற, கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைநாய் ஒருபுறம். உழைக்கும் நாய் மறுபுறம். அவ்வுழைக்கும் நாய் பலவாக இருக்கலாம் எனினும், ஆட்டு மந்தையை மேய்க்கும் கோலி நாயின் கலப்பே பலராலும் போற்றப்பட்டு வந்துள்ளது. அதற்குக் காரணம் இருக்கிறது.

கிரேஹவுண்டு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும். ஆனால் அப்பாய்ச்சல் சிறிது தொலைவுக்கே. அதன் தோல் மெல்லியது. முள்வேலியில் எளிதில் கிழியும். மழையும் குளிரும் அதற்கு ஆகா. கண்ணுக்கு மறைந்த இரையைத் தேடும் பொறுமையும் அதற்குக் குறைவு. கோலியோ மலைச்சாரலில் நாள் முழுவதும் ஓடி உழைப்பது. அடர்ந்த மயிரும் உறுதியான பாதங்களும் உடையது. நெடுந்தொலைவில் நிற்கும் ஆயனின் சீழ்க்கைக்குக் கட்டுப்படுவது. இவ்விரண்டும் சேர்ந்தால், ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இதனை இன்னும் சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஓநாய் தன் இரையை முதலில் உற்றுப் பார்க்கிறது, பின் பதுங்கி நெருங்குகிறது, துரத்துகிறது, பற்றுகிறது, இறுதியில் கொல்கிறது. மனிதன் இத்தொடரைப் பகுத்துத் தன் தேவைக்கேற்ப வளர்த்தான். உற்று நோக்கலும் பதுங்கலும் கோலியிடம் மிகுந்தன, கடித்தல் அடங்கியது. துரத்தலும் பற்றலும் கிரேஹவுண்டிடம் ஓங்கின. ஆகவே மந்தை மேய்ப்பதும் ஒருவகையில் முற்றுப்பெறாத வேட்டையே. மனிதன் பிரித்த அப்பகுதிகள் லர்ச்சரில் மீண்டும் ஒன்று கூடுகின்றன.

இனி, இந்நாய் ஏன் ஏழையின் நாயாயிற்று என்பதைக் காண்போம். இங்கிலாந்தில் வேட்டை நெடுங்காலம் மன்னர்க்கும் நிலவுடையார்க்கும் உரிய உரிமையாக இருந்தது. 1217-ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம், அரசனின் காட்டெல்லைக்குள் வாழும் குடிகளின் நாய்களுக்கு முன்காலில் மூன்று நகங்கள் வெட்டப்பட வேண்டும் என்னும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. மானைத் துரத்த முடியாதவாறு நாயை முடமாக்குவதே இதன் நோக்கம். வெட்டப்படாத நாயை வைத்திருந்தவன் 3 ஷில்லிங் தண்டம் இறுத்தான். 1389-இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலச் சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் நிலவருவாய் இல்லாத குடிமகன் கிரேஹவுண்டோ பிற வேட்டைநாயோ வைத்திருத்தலாகாது என்றது. 1671-இல் அவ்வரம்பு 100 பவுனாக உயர்ந்தது. பாராளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க 40 ஷில்லிங் நிலவருவாய் போதும். ஒரு கௌதாரியைக் கொல்ல அதைப்போல் ஐம்பது மடங்கு வேண்டும் என்று சட்ட மேதை பிளாக்ஸ்டோன் பின்னாளில் சுட்டிக்காட்டினார்.

வேட்டைநாய் வைத்திருப்பதே குற்றம் என்றால் ஏழை என் செய்வான்? ஆட்டுநாய் வைத்திருப்பதை எவர் தடுப்பர்? சடைத்த மயிரும், மந்தை ஓட்டும் நாயின் தோற்றமும், உள்ளே வேட்டைநாயின் காலும் கொண்ட கலப்பு, இத்தடையின் நிழலிலேயே செழித்தது என்பது நாட்டு வழக்கு. நாடோடிகளும் மந்தை ஓட்டிகளும் இதனை வளர்த்தனர். இலண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தைக்குக் கால்நடைகளை ஓட்டிச் சென்றோரின் நாய்களோடும் இக்கலப்பின் பெயரை மக்கள் இணைத்துப் பேசுவர். கால்நடைகளை உயிரோடு விற்கும் அச்சந்தை 1855-இல் அவ்விடத்தில் மூடப்பட்டது.

சட்டமும் இவ்வேடத்தை விரைவில் அறிந்துகொண்டது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆன் அரசியார் காலச் சட்டம் லர்ச்சரைப் பெயர் சொல்லியே தடுத்தது.

கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கேயஸ் 1570-இல் இலத்தீன் மொழியில் எழுதிய நாய்களைப் பற்றிய நூலில் திருட்டு நாய் ஒன்று வருகிறது. அது இரவில் தலைவன் ஏவலால் ஓசையின்றிச் சென்று குழிமுயல்களைப் பிடித்து, அவன் காத்து நிற்கும் இடத்திற்கே கொண்டுவந்து சேர்க்குமாம். பின்வந்த எழுத்தாளர் பலர் அதனை லர்ச்சரின் முன்னோடியாகக் கருதினர். 1790-இல் நியூகாசில் நகரத்து மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பியூக்கும் தம் விலங்கு நூலில் லர்ச்சரை வரைந்து, இரவு வேட்டையில் அதன் திறத்தைக் குறித்தார்.

அத்திறத்துக்கு மனிதர் கொடுத்த விலை பெரிது. 1828-இன் இரவு வேட்டைச் சட்டப்படி மூன்றாம் முறை பிடிபட்டவனுக்கு 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கலாம். குடும்பத்தின் அடுப்பில் ஒரு முயல் வேகவேண்டும் என்பதற்காகக் கடல் கடந்து போகும் நிலை. 1831-இல் நிலவருவாய்த் தகுதி ஒழிந்தது. 1880-இல்தான் குத்தகை உழவனும் தன் பயிரைத் தின்னும் முயல்களைக் கொல்லும் உரிமை பெற்றான்.

பின்னர்க் காலம் ஒரு விந்தை புரிந்தது. முதல் உலகப் போரில், முன்னணிக் குழிகளிலிருந்து செய்தி கொண்டுவர நாய்கள் தேவைப்பட்டன. 1917-இல் எசெக்ஸ் கடற்கரையில் ஷூபரினஸ் என்னுமிடத்தில் ரிச்சர்ட்சன் என்னும் படை அதிகாரி போர்நாய்ப் பள்ளியை நிறுவினார். அங்கே பயிற்சி பெற்ற தூதுநாய்களில் கோலிகளும் லர்ச்சர்களும் சிறப்பிடம் பெற்றன. குண்டுமழையினூடே தன்னைப் பழக்கியவனை நாடி ஓடிவருவதே அவற்றின் பணி. இருளில் தலைவனிடம் திரும்பிவரும் திருட்டு நாயைக் கேயஸ் எழுதியது நம் நினைவுக்கு வருகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் குற்றமாகக் கருதப்பட்ட அதே பண்பை அரசு இப்போது வேண்டி அழைத்தது.

ஆனால் உழைப்பால் நிற்கும் நாய், உழைப்பு குறைந்தால் தளரும். 1953-இல் மிக்ஸோமட்டோசிஸ் என்னும் கொள்ளைநோய் பிரிட்டனை அடைந்து, ஓரிரு ஆண்டுகளில் குழிமுயல்களில் மிகப் பெரும்பான்மையை அழித்தது. முயல்களின் தொகை மெல்ல மீண்டது. லர்ச்சரின் தொழிலும் மீண்டது. 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்த சட்டம், காட்டுவிலங்குகளை நாய்களைக் கொண்டு வேட்டையாடுதலைப் பொதுவாகத் தடுத்துவிட்டது. வெளிநிலத்து முயலைத் துரத்துதல் குற்றமாயிற்று. நில உரிமையாளர் இசைவோடு குழிமுயலையும் எலியையும் பிடித்தல் விலக்காயிற்று. ஆகவே இன்றும் உழவர் நிலத்தில் இரவில் விளக்கொளி பாய்ச்சி, ஒளிக்கற்றையில் தென்படும் முயலின்மீது நாயை ஏவுகின்றனர். பகலிலோ, கீரி போன்ற உடலமைப்புடைய ஃபெரட்டை வளைக்குள் விட்டு முயலை வெளியேற்றுவர். முயல் உறையும் வளை எது என்று மோப்பத்தால் காட்டி, குலைக்காமல் காத்து நிற்பது கோலிக் கலப்பின் தனிச் சிறப்பு.

வளர்ப்போர், முதற்கலப்பு வேகத்தில் சற்றுக் குறைவு என்று கருதி அதனை மீண்டும் கிரேஹவுண்டோடு சேர்ப்பதுண்டு. அக்குட்டிகளில் நான்கில் ஒரு பங்கே கோலிக் குருதி. ஆனால் நலன்களோடு நலிவும் வரும். கோலிகளிடம் உள்ள ஒரு மரபணு மாற்றம், ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் மிகுந்த அளவில் தரப்படும்போது அவற்றை நச்சாக்கவல்லது. கலப்பு நாயிடமும் அது இருக்கக்கூடும் என்பதால் மருத்துவர் முன்னதாகவே ஆய்ந்தறிவர்.

பதிவேடு உடைய நாய், வேலை இழந்தாலும் வடிவத்தால் வாழும். லர்ச்சருக்கு அப்பற்றுக்கோடு இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் வேலை செய்து காட்டியவற்றின் குட்டிகளையே மக்கள் பேணி வந்தனர். அதுவே அதன் பத்திரம். இன்று பல லர்ச்சர்கள் வீட்டுச் செல்லங்களாய் அமைதியுடன் வாழ்கின்றன. பல, கைவிடப்பட்டு நாய்க் காப்பகங்களில் காத்திருக்கின்றன. நகம் வெட்டிய சட்டத்தையும் நாடுகடத்திய சட்டத்தையும் கடந்து வந்த நாய் இது. வேலையற்ற காலத்தையும் அது கடக்குமா என்பது, அதனை வளர்ப்போர் அதற்கு எந்த வேலையைக் கொடுப்பர் என்பதைப் பொறுத்தே அமையும்.