இடுப்புக்குக் கீழே ஒரு கரும்பலகை

2024 ஏப்ரல் 19, ஓட்டுப் போடும் நாள். ராயப்பேட்டையில் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறையில் வரிசையில் நின்றிருந்தேன். சுவரில், என் இடுப்புக்கும் கீழே, கறுப்புப் பட்டை ஒன்று நீளமாக ஓடியது. வெள்ளைக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். எதற்கென்று புரியவில்லை. சாயங்காலம் பெரியம்மா மகளிடம் கேட்டேன். அக்கா தொடக்கப்பள்ளி டீச்சர், இருபது வருஷ சர்வீஸ்.

“அது பசங்களோட போர்டுடா. ஏபிஎல் வந்தப்போ போட்டது. ஆளுக்கு ஒரு கட்டம்.”

ஏபிஎல் என்றால் செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. அப்போது ஆணையர் எம்.பி. விஜயகுமார். வேலூர் ஆட்சியராக இருந்தபோதே ஆந்திராவின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளின் முறையை அறிந்திருந்தவர். அதைத்தான் சென்னைக்குக் கொண்டுவந்தார். 2007-08க்குள் அது தமிழகம் முழுக்கப் போய்விட்டது.

பாடம் முழுவதையும் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்தார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எது என்பது ‘ஏணி’யாகச் சுவரில் தொங்கும். குழந்தை தானே போய்த் தன் படியைப் பார்த்து, அட்டையை எடுத்து, பாயில் உட்கார்ந்து செய்யும். புதுப் பாடம் என்றால் டீச்சர் பக்கத்தில். கொஞ்சம் பழகிவிட்டால் கூடப் படிக்கிற பிள்ளை பக்கத்தில். ஏணியின் நடுவிலேயே மதிப்பீட்டு அட்டையும் வரும். அது பரீட்சை என்றே பிள்ளைக்குத் தெரியாது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தவன் திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடங்கலாம். வருகையைக்கூடப் பிள்ளைகளே குறித்தார்கள்.

பதிவேடு குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது! எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏனென்றால் இந்த ஊரில் குழந்தையின் படிப்பைக் கணக்கெழுதியது வேறு மாதிரி. ராயப்பேட்டையிலிருந்து நடந்தே போகக்கூடிய எழும்பூரில், 1789இல் ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் புகுத்தினார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையன்தான் அரிச்சுவடி வகுப்புக்கு வாத்தியார். 1797இல் லண்டனில் வெளியான பெல்லின் அறிக்கை வழியாக ‘மெட்ராஸ் முறை’ உலகம் சுற்றியது. அதில் அன்றாடம் படித்ததைக் குறிக்க ஒரு பேரேடு, குற்றங்களுக்கு ஒரு கறுப்புப் புத்தகம்.

பெல்லின் பேரேடாவது பள்ளிக்குள் இருந்தது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ, பரீட்சை முடிவைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் என்று விதி செய்தார். சில வருஷங்களில் மெட்ராஸ் மாகாணத்துக்கும் அது வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வருவார், வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். தேறிய தலைக்கு இவ்வளவு காசு. திண்ணைப் பள்ளிகளும் இதற்குள் இழுக்கப்பட்டன. தேறாத பிள்ளை என்றால் வாத்தியாருக்கு நஷ்டம்.

இது எனக்கு நன்றாகவே புரியும். ஆபீசில் நான் ஒருமுறை டேஷ்போர்டு எழுதினேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு போட்டால் மேலிருந்து போன் வரும் என்று தெரிந்த வாரத்திலிருந்து சிவப்பே வரவில்லை. வேலை ஒன்றும் சீராகிவிடவில்லை.

ஏணிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஒரே அறையில் முப்பது பிள்ளைகள் முப்பது படியில் நின்றால் டீச்சர் பாடு திண்டாட்டம் என்கிறாள் அக்கா. 2012-13இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வந்தது. அதில் அவளுக்கு ஞாபகமிருப்பது ரெக்கார்டு நோட்டு எழுதியது மட்டும்தான். கொரோனா இடைவெளிக்குப் பிறகு, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்பட்டார்கள். அழகான பெயர்கள்தான். மதிப்பீடு மட்டும் சுவரிலிருந்து செயலிக்குப் போய்விட்டது. கட்டத்தை நிரப்புவது இப்போது டீச்சர். பார்ப்பது எங்கோ இருக்கும் அலுவலகம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள். யாரும் கேட்காத நோட்டு. ஒரு பக்கத்தில் இருந்தது: ‘இன்னிக்கு முதல்தடவை தானா கதை சொன்னான். பாதியில நிறுத்திட்டான்.’

“ஆப்ல இவன் என்ன?”

“அரும்பு” என்றாள்.